கோலாலம்பூரில் கியர் ஒயில் ‘மெஷின் சர்வீஸ்’: எந்தக் காருக்குப் போடலாம்?

செந்தூல், ஜாலான் ஈப்போ, கெப்போங் பக்கம் ஆட்டோ கியர் காரைப் பட்டறைக்குள் நுழைத்தால் இப்போது அடிக்கடி காதில் விழுவது இதுதான்: “அண்ணே, கியர் ஒயில் கறுத்துப் போச்சு, மெஷின் போட்டுடலாம்.” அந்த மெஷின், சக்கரம் வைத்த அலமாரி மாதிரி ஒரு பெட்டி. கியர்பாக்ஸிலிருந்து ஒயிலை ஆற்றும் கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி அதில் மாட்டுவார்கள். என்ஜின் ஓட ஓடப் பழைய ஒயில் ஒரு கண்ணாடிக் குழாய் வழியே வெளியே வரும், அதே அளவு புதியது இன்னொரு பக்கம் உள்ளே போகும். கோப்பி ஓ (பாலில்லாத காப்பி) நிறத்தில் ஓடியது மெல்ல மெல்லச் சிவப்புச் சிராப் தண்ணியாக மாறும். வேடிக்கை பார்க்க ஆள் கூடிவிடும்.

வேலை சுத்தமானதுதான். பிரச்சினை என்னவென்றால், என்ன கோளாறு என்று பார்க்காமலேயே இதை மருந்தாக விற்கிறார்கள். ஆகவே நாம் மதிப்பெண் போடுவது, மெஷினை மாட்டுவதற்கு முந்திய பத்து நிமிடத்துக்கு.

அந்தப் பத்து நிமிடத்தில் முதல் வேலை, ஒயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளை டிஷ்யூவில் இரண்டு சொட்டு விடுவது. சிவப்பு என்றால் நலம். தே ஓ (பாலில்லாத தேநீர்) நிறம் என்றால் வயதாகிவிட்டது, மாற்றலாம். கோப்பி ஓ நிறத்தோடு தீய்ந்த வாடையும் வந்து, விரலில் தேய்த்தால் கரும்பொடி தட்டுப்பட்டால், உள்ளே கிளட்ச் பிளேட்டின் உறை கருகுகிறது. எந்த ஒயிலும் அதைத் திரும்ப ஒட்டிவிடாது. சிராப் பண்டோங் போல வெளிறிய ரோஸ் நிறம்தான் மிக மோசம். தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். பல கார்களில் கியர் ஒயில் கூலர் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது அரித்து ஓட்டையானால் கூலன்ட் ஒயிலில் இறங்கி, கிளட்ச் உறையைப் பிடித்திருக்கும் பசையை இளக்கிவிடும். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா, மட்டம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் கார் வெள்ளத்தில் நின்றிருந்தால், கியர்பாக்ஸின் காற்றுக் குழாய் வழியாக நீர் புகுந்திருக்கும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி, பிறகு கைமாறிய கார் என்று சந்தேகம் இருந்தால் இதைப் பார்க்காமல் விடாதீர்கள். எப்படியானாலும் ஒயிலில் தண்ணீர் கலந்த காரை ஓட்டக்கூடாது, லாரியில் ஏற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: எல்லா ஒயிலும் சிவப்பு கிடையாது. நிசானின் பழைய சி.வி.டி. (பெல்ட்டில் ஓடும் ஆட்டோ கியர்பாக்ஸ்) ஒயில் பச்சை. நிறத்தைப் புதுப் போத்தலோடு ஒப்பிட வேண்டும்.

ஒயில் மட்டம் பார்ப்பதிலும் காருக்குக் கார் முறை மாறும். டொயோட்டா, பழைய மைவி வகையில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை நகர்த்தி ‘பி’யில் வைத்துப் பார்க்க வேண்டும். மிட்சுபிஷி கியர்பெட்டி போட்ட புரோட்டோன் வீரா, வாஜாவில் ‘என்’னில் வைத்து. பழைய ஹோண்டா சிட்டியில் சூடேறியபின் என்ஜினை நிறுத்தி, ஒன்றரை நிமிடத்துக்குள். மூன்றையும் ஒரே மாதிரி பார்க்கும் போமனிடம் (மெக்கானிக்) சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது.

டிப்ஸ்டிக்கே இல்லாத புதிய கியர்பெட்டிகளில்தான் நம் ஊர்ச் சூடு விளையாடும். அடியில் இருக்கும் வழிவு நட்டைத் திறந்து, ஒயில் மெல்லிய நூலாக வடிந்து சொட்டாகும்போது மூட வேண்டும். அந்த நேரம் ஒயில் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும் என்பது பல டொயோட்டாக்களின் கணக்கு. பட்டறைக்குள்ளேயே 33 பாகை. எம்.ஆர்.ஆர்.2 சாலை ஜேமிலிருந்து நேராக ஏற்றிய காரில் ஒயில் 80ஐத் தாண்டியிருக்கும். அந்தச் சூட்டில் விரிந்த ஒயில் அளவுக்கு மேல் வழிந்துவிடும். ராத்திரி ஆறியபின் பெட்டிக்குள் ஒயில் குறைவு. மறுநாள் காலை ‘டி’ போட்டால் கார் யோசித்துவிட்டு நகரும். பழி புது ஒயில்மேல் விழும். ஸ்கேனரில் ஒயில் வெப்பத்தைப் பார்க்காமல் நட்டைத் திறந்தால் அந்த வேலைக்குப் பாஸ் மார்க் கிடையாது. கூடுதலாக ஊற்றினாலும் ஆபத்துதான்: சுழலும் பாகங்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் நிற்காது, கியர் வழுக்கும்.

அடுத்தது கடிகாரச் சோதனை. சூடான கார், ஹேண்ட் பிரேக், கால் பிரேக், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடில். ‘என்’னிலிருந்து ‘டி’ போட்டு, கார் இழுக்கும்வரை எண்ணுங்கள். டொயோட்டா கணக்கில் 1.2 வினாடிக்குள் பிடிக்க வேண்டும். ‘ஆர்’ என்றால் 1.5. இரண்டுமே தாமதம் என்றால் ஒயில் குறைவு, வடிகட்டி அடைப்பு அல்லது பம்ப். ‘ஆர்’ மட்டும் தாமதம் என்றால் பெரும்பாலும் ரிவர்ஸ் கிளட்ச் தேய்ந்திருக்கும், அப்படியானால் மெஷினுக்குக் காசு வீண். ‘டக்’கென்று இடித்தால் முதலில் என்ஜின் மவுண்டிங்கைப் பாருங்கள், ரப்பர் கிழிந்த மவுண்டிங்குக்குக் கியர்பாக்ஸைக் கழற்றிய கதைகள் இங்கே உண்டு.

ஒயில் மாற்றி உண்மையிலேயே குணமாவது பெரும்பாலும் நடுக்கம். 60, 80 கிலோமீட்டரில் லேசாக அழுத்தி ஓட்டும்போது, டோலுக்கு முன்னால் இருக்கும் மஞ்சள் கோடுகள்மேல் போவது போலக் கார் அதிரும். ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துப் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். அதிர்வு நின்றால் அது என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக் நடுங்குவது. சரியான புது ஒயிலில் பல நேரம் போய்விடும். நிற்காவிட்டால் என்ஜினின் பிளக், காயில் பக்கம் தேட வேண்டும்.

மெஷினின் பெரிய குறை, கியர்பாக்ஸின் அடித்தட்டான ஒயில் பேனைத் திறக்காததுதான். பேனுக்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். நகத்தில் மாட்டும் உலோகத் துண்டு இருந்தால் ஓவர்ஹால். இதைப் பார்க்காமல் பத்து லிட்டர் ஒயிலை ஊற்றுவது நம் கணக்கில் அவசரம். ஏற்கெனவே வழுக்கும், சர்வீஸ் வரலாறு தெரியாத காருக்கு மெஷின் வேண்டாம். பேனைத் திறந்து, வடிகட்டியும் கேஸ்கெட்டும் மாற்றி, சாதாரணமாக வடித்து ஊற்றினால் போதும். ஆறு லிட்டர் பெட்டியில் ஒரு தடவைக்கு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். மீதி கன்வெர்ட்டரில் தங்கும். இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவை செய்தால் பழையது ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். நேரத்துக்கு ஒயில் மாற்றிவந்த, கோளாறில்லாத காருக்கு மெஷின் தாராளமாகப் போடலாம்.

ஒயில் ரகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, காரின் கையேட்டில் இருப்பதுதான். 4 கியர் மைவியும் 2021 இறுதியில் வந்த சி.வி.டி. மைவியும் ஒரே பெயர், ஒயில் வேறு. சி.வி.டி.யில் சாதாரண ஏ.டி.எஃப். (ஆட்டோ கியர் ஒயில்) ஊற்றினால் பெல்ட் வழுக்கித் தேயும்.

விலையைக் கேட்பதற்கு முன் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். வடித்த ஒயிலை அளவுக் குவளையில் காட்டச் சொல்லுங்கள். ரசீதில் ஒயில் குறியீடு, லிட்டர், ஓடிய கிலோமீட்டர் மூன்றும் எழுதி வாங்குங்கள். அன்றிரவு காருக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சிவப்புச் சொட்டு இருந்தால் அது எந்த இடத்துக்கு நேர் கீழே என்று குறித்துக்கொண்டு அதே பட்டறைக்குப் போங்கள். நிறமில்லாத தண்ணீர் என்றால் அது ஏர்கோனிலிருந்து வடிந்தது.