ஏற்றத்தில் கொதிக்கும் பழைய கார்: மூடியா, தெர்மோஸ்டட்டா, ரேடியேட்டரா, ஹெட் கேஸ்கட்டா?

புசல்லாவை தாண்டி றம்பொடை வளைவுகளில் ஏறும்போது ஒரு காரின் சூட்டு முள் சிவப்பைத் தொடுகிறது; நுவரெலியா டவுனுக்குள் வந்ததும் தானாக இறங்கிவிடுகிறது. இன்னொரு கார் அதே ஏற்றத்தை அலுங்காமல் ஏறிவிடுகிறது. கண்டியில் பேராதனை வீதி நெரிசலில் நிற்கும்போதுதான் சூடேறுகிறது. இரண்டிலும் ஒரே கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் பல கராஜ்களில் இரண்டுக்கும் ஒரே கைவைத்தியம்தான்: தெர்மோஸ்டட்டை (என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு) கழற்றிப் போடுவது. அதற்கும் அடங்காவிட்டால் நேரே "ஹெட்டைக் (சிலிண்டர்களுக்கு மேல் பூட்டிய பாகம்) கழற்றிப் பார்க்கணும்." முதலாவது பெரும்பாலும் தப்பு, இரண்டாவது பெரும் செலவு. இடையில் கையாலும் கண்ணாலும் சோதிக்கக்கூடிய பாகங்கள் பல இருக்கின்றன. அவற்றை ஜோடி ஜோடியாக நிறுத்திப் பார்த்தால் எது குற்றவாளி என்று பிரிந்துவிடும்.

அதற்கு முன், முள் சொல்வது உண்மையா என்று பாருங்கள். பழைய சன்னி, கொரோல்லாக்களில் பெற்றோல் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்தே வழக்கத்தைவிட மேலே நின்றால், டாஷ்போர்டின் பின்னாலுள்ள வோல்டேஜ் ரெகுலேட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். என்ஜினில் ஒன்றும் இராது.

மூடியா, தெர்மோஸ்டட்டா?

மலையகத்தில் ஓடும் காருக்கு ரேடியேட்டர் மூடி சின்ன விஷயமல்ல. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையில் கொதித்துவிடும். 0.9 என்று அச்சிட்ட நல்ல மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால், அதே இடத்தில் அதே தண்ணீர் 115 பாகை வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் அந்த 20 பாகைக் காப்பு முழுதும் போய்விடும். ஜப்பான் கார்களில் பரவலாக உள்ள 82 பாகை தெர்மோஸ்டட் முழுதாகத் திறப்பது 95 பாகையை நெருங்கும்போதுதான். ஆகவே மூடி கெட்ட கார், தெர்மோஸ்டட் முழுதாகத் திறப்பதற்குள்ளேயே ஹெட்டைச் சுற்றிக் கொதிக்க ஆரம்பித்துவிடுகிறது. கொழும்பில் ஒரு குறையும் காட்டாத கார் நானுஓயாவில் ஆவி கக்குவதற்கு இது ஒன்றே போதும்.

இரண்டையும் பிரிப்பது எளிது. மூடி கெட்டால் முள் அவ்வளவு ஏறாமலே ரிசர்வ் டாங்கி பொங்கி வழியும். ஓட்டம் முடிந்த சூட்டிலும் மேல் ஹோஸ் தொளதொளவென்று இருக்கும் (துணியைச் சுற்றி அழுத்திப் பாருங்கள்). மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு இறுகிவிட்டால் எதிர்மாறாக, ஆறிய பின் மேல் ஹோஸ் உள்ளே ஒட்டிக்கிடக்கும். வழிந்த தண்ணீர் ரிசர்வ் டாங்கியிலிருந்து திரும்பாது. தெர்மோஸ்டட் மூடியபடி சிக்கினால் அதற்கு ஏற்றம் இறக்கம் தெரியாது. காலையில் ஸ்டார்ட் செய்து கடைக்குப் போவதற்குள் முள் நேரே மேலே போகும். ரேடியேட்டரின் கீழ் ஹோஸைத் தொட்டால் குளிர்ந்தே இருக்கும். நாள் முழுக்க டவுனில் ஓடி, ஏற்றத்தில் மட்டும் சூடாகும் காரில் தெர்மோஸ்டட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பாதி திறந்து நிற்பதும் உண்டு, ஆனால் அபூர்வம்.

தெர்மோஸ்டட்டைக் கழற்றி, நூலில் கட்டி, சட்டியின் அடியில் படாமல் தொங்கவிட்டு அடுப்பில் சோதிப்பது பழைய முறை. 82 பாகையில் திறக்கத் தொடங்கி, 95இல் 8 மில்லிமீற்றராவது விரிய வேண்டும் என்று கைநூல்கள் சொல்லும். நுவரெலியாவில் சட்டித் தண்ணீர் 95 பாகையை எட்டவே எட்டாது. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் மட்டுமட்டாக எட்டும். 88 பாகை தெர்மோஸ்டட் என்றால் கொதிக்கும் தண்ணீரிலும் அரைகுறையாகத்தான் விரியும். அதைப் பார்த்துவிட்டு நல்ல பாகத்தைக் குப்பையில் போடாதீர்கள். எந்தப் பாகையில் திறக்க ஆரம்பிக்கிறது, ஆறும்போது முழுதாக மூடுகிறதா என்ற இரண்டையும் மட்டும் பாருங்கள்.

கழற்றி எறிவதற்கும் புதிது போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லவேண்டும். டொயோட்டா 2சி டீசல் போன்ற பல என்ஜின்களில் தெர்மோஸ்டட்டின் பின்புறம் ஒரு தட்டு உண்டு. ரேடியேட்டர் வழி திறக்கும்போது அந்தத் தட்டு குறுக்கு வழியை அடைக்கும். தெர்மோஸ்டட்டே இல்லையென்றால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை ஏற்றத்தில் சூட்டைக் கூட்டுகிறது. குறுக்கு வழி இல்லாத என்ஜின்களிலோ, தலவாக்கலைக் குளிரில் என்ஜின் சூடாகவே மாட்டாமல் பெற்றோலைக் குடிக்கும், ஓயிலில் பெற்றோல் கலக்கும். புதிதே போடுங்கள். விளிம்பிலுள்ள சின்ன ஆணித் துவாரம் மேல்பக்கம் வரும்படி வையுங்கள். காற்று வெளியேற அதுதான் வழி.

ஃபேனா, ரேடியேட்டரா?

அதிகமாக ஆள்மாறாட்டம் நடப்பது இங்கேதான். நெரிசலில் சூடாகி, ஓடினால் ஆறினால் ஃபேன். ஓடும்போதே சூடானால் ரேடியேட்டர். சமவெளியில் இந்தச் சூத்திரம் சரி. மலையில் 2ஆம் கியரில் 20 கிலோமீற்றர் வேகத்தில் ஏறும் காருக்கு முன்காற்று கிடைப்பதே கொஞ்சம். அதனால் ஃபேன் பலவீனமும் ஏற்றத்தில்தான் காட்டிக்கொடுக்கும். ஆகவே இன்னொரு சோதனை தேவை. முள் ஏறியதும், ஏசி இருந்தால் நிறுத்திவிட்டு, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு என்ஜினை 1500 சுற்றில் பிடியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் முள் இறங்கினால் ஃபேன் தன் வேலையைச் செய்கிறது. பாரம் ஏறும்போது வரும் சூட்டை வெளியேற்றும் வலு ரேடியேட்டருக்கு இல்லை. இறங்காமல் நின்றாலோ மேலும் ஏறினாலோ முதலில் ஃபேனைப் பாருங்கள். சிவப்பையே தாண்டிவிட்டால் சோதனை வேண்டாம், என்ஜினை நிறுத்திவிடுங்கள்.

ஃபேன் எந்த வகை என்பதைப் பொறுத்து சோதனை மாறும். டீஎக்ஸ் வேகன் போன்ற பழைய கொரோல்லாக்களில் அது பெல்ட்டில் ஓடுகிறது. அங்கே ஃபேனைவிட பெல்ட்டின் தளர்ச்சியைப் பாருங்கள்: கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் சுமார் 10 மில்லிமீற்றர் அமுங்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சில டீசல் வேன்களில் ஃபேன் நடுவில் சிலிக்கன் ஓயில் நிரப்பிய உருளை இருக்கும். என்ஜினை நிறுத்திய சூட்டோடு கையால் சுற்றினால் இறுக்கம் தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு பல சுற்று ஓடினால் ஓயில் கசிந்துவிட்டது.

முன்சக்கரத்தால் ஓடும் கார்களில் மின்சார ஃபேன். ஏஈ100 வகைக் கொரோல்லாக்களில் சூட்டு சுவிட்சின் பிளக்கைக் கழற்றினாலே, சாவி ஓன் நிலையில் ஃபேன் ஓட வேண்டும். அது சுமார் 93 பாகையில் மின்சாரத்தைத் துண்டித்து ஃபேனை ஓடவிடும் வகை. ஒற்றை ஃபேன் உள்ள பல நிசான், மிட்சுபிஷிகளில் எதிர்மாறு: பிளக்கின் இரண்டு முனைகளையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்தால் ஓடும். இது தெரியாமல் ரிலேயை மாற்றி, மோட்டரை மாற்றி, கடைசியில் சுவிட்சுக்கு வருவது சாதாரணமாக நடக்கிறது. மோட்டர் மாற்றிய காரில் வயர் தலைகீழாகக் கொடுத்து, காற்று முன்னோக்கி அடிப்பதும் உண்டு. ஃபேன் ஓடும்போது முன் கிரில்லில் ஒரு தாளை வையுங்கள். ஒட்டி நிற்க வேண்டும். ஃபேனைச் சுற்றிய பிளாஸ்டிக் கூடு இல்லாவிட்டால் ஃபேன் தன் வட்டத்தளவு காற்றை மட்டுமே இழுக்கும். "இடைஞ்சல்" என்று கழற்றி வைத்த கூட்டைத் தேடிப் பூட்டுங்கள்.

ரேடியேட்டரில் அடைப்பு வெளியே வேறு, உள்ளே வேறு. ஏசி உள்ள காரில் கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி வலை) ரேடியேட்டருக்கும் நடுவில் சேறும் பூச்சியும் கம்பளிபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. என்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். அழுத்தம் கூடினால் தகடுகள் மடிந்துவிடும். உள் அடைப்புக்கு, சூடான ரேடியேட்டரின் முகத்தில் இன்ஃப்ராரெட் வெப்பமானியை நகர்த்துங்கள். திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்குள்ள குழாய்கள் செத்துவிட்டன.

பித்தளை ரேடியேட்டர் என்றால் தலைத் தொட்டியின் ஈயத்தை உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்து திரும்பப் பற்ற வைக்கலாம். நல்ல பித்தளை ரேடியேட்டரைக் கொடுத்துவிட்டு மலிவான அலுமினியம் வாங்குவது, எங்கள் கணிப்பில், நட்டமான பேரம். அலுமினியத்தில் பிளாஸ்டிக் தொட்டி பொருத்திய வகை அடைத்துவிட்டால் மாற்றுவதே மேல். பழைய பிளாஸ்டிக் கழற்றும்போதே உடையும். கோஸ்டிக் சோடாவை மட்டும் அதற்குள் ஊற்றிவிடாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும்.

வாட்டர் பம்ப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அடித் துவாரத்தில் கசிவு, பேரிங்கில் ஆட்டம், இரண்டும் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது உள்ளே அரித்துப்போன இறக்கை; வெறும் தண்ணீரில் ஓடிய காரில் இதைச் சந்தேகிக்கலாம். கீழ் ஹோஸின் உள் ஸ்பிரிங் துருப்பிடித்துக் காணாமல் போயிருந்தால், சுற்று கூடும்போது ஹோஸ் சப்பையாகும். பொனட்டைத் திறந்து ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, மற்றவர் பார்த்தால் போதும்.

ஹெட் கேஸ்கட்டா, வெறும் காற்றா?

ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் எரிந்தாலும், தண்ணீர் வழியில் காற்று சிக்கினாலும் ரேடியேட்டர் வாயில் குமிழி வரும், இரண்டிலும் முள் ஏறி இறங்கும். லைட்ஏஸ், டவுன்ஏஸ் வேன்களில் என்ஜின் சீட்டுக்கு அடியில், ரேடியேட்டருக்கு நீண்ட குழாய்கள்; தண்ணீர் மாற்றியபின் காற்று சிக்குவது வழமை. காரின் மூக்கு மேலே இருக்கும்படி ஏற்றத்தில் நிறுத்தி, கைபிரேக்கும் சக்கரத்துக்குக் கல்லும் வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, குளிர்ந்த என்ஜினை மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். கீழ் ஹோஸ் சூடாகும்வரை ஓடவிட்டு, இறங்க இறங்க நிரப்புங்கள். வெறும் காற்று என்றால் 15, 20 நிமிடத்தில் குமிழி அடங்கும். கேஸ்கட் என்றால் அடங்காது. சுற்றைக் கூட்டினால் குமிழியும் கூடும்.

இன்னும் உறுதியான அடையாளம் ஒன்று: இரவெல்லாம் ஆறிய என்ஜினை மூடியோடு ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸை அழுத்துங்கள். தண்ணீர் சூடாவதற்கு முன்பே ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் போகிறது. ரேடியேட்டர் வாயின் காற்றை நீலத் திரவத்தின் ஊடாக இழுக்கும் கண்ணாடிக் குழாய்ச் சோதனையில் அந்தத் திரவம் மஞ்சளாக மாறினால் சந்தேகமே வேண்டாம். 2சி டீசலில் கேஸ்கட் நன்றாயிருக்க, ஹெட்டே வால்வுகளுக்கு இடையில் வெடித்திருப்பது பெயர் போன குறை. ஆகவே ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடாமல், வெடிப்பும் வளைவும் பார்க்கச் சொல்லுங்கள். ஹெட்டின் பரப்பில் நேர்விளிம்பு (நேரான உலோகச் சட்டம்) வைத்துப் பார்க்கையில் 0.05 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடு இடையில் நுழைந்தாலே பல டொயோட்டா என்ஜின்களில் அது எல்லை. அடைத்த ரேடியேட்டர்தான் கேஸ்கட்டை எரித்திருந்தால், அதைச் சுத்தம் செய்யாமல் போட்ட புதுக் கேஸ்கட்டும் அடுத்த கடுகண்ணாவை ஏற்றத்தில் அதே வழியில்தான் போகும்.

தண்ணீரா, கூலன்டா?

வெறும் தண்ணீரில் வார்ப்பிரும்பு பிளொக் துருப்பிடித்து, அந்தச் செம்மண் நிறச் சேறு ரேடியேட்டரில் இறங்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஓடிய கார் என்றால் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவும் இருக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் துருவைத் தடுப்பதோடு கொதிநிலையையும் ஏழெட்டுப் பாகை உயர்த்தும். சிறிய காருக்கு மொத்தம் 5, 6 லீற்றர்தான். பச்சையோடு சிவப்பைக் கலக்காதீர்கள்.

வழியில் கொதித்துவிட்டால் மூடியைத் தொடாமல் குறைந்தது முக்கால் மணி நேரம் விடுங்கள். பீலித் தண்ணீரைப் பிடித்து என்ஜின் மேல் ஊற்றுவதுதான் ஹெட் வெடிக்க நிச்சயமான வழி. ஆறியபின், என்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, அதே பீலித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நிரப்பலாம். வீடு சேர்ந்ததும் அதை வடித்துவிட்டுக் கூலன்ட் கலவையை நிரப்புங்கள்.