ஃப்ளூமுக்கு வாங்கின அலை ஷீட் செட் - ஒரு செமஸ்டர் ஓட்டிப் பாத்த அனுபவம்

எங்க காலேஜ் ஹைட்ராலிக்ஸ் லேப்ல 30 செ.மீ அகல கண்ணாடி ஃப்ளூம் (தண்ணி ஓட்டிப் பாக்குற நீள வாய்க்கால்) இருக்கு, அதோட தரையில போட்டு ஓட்ட அலை அலையா மடிச்ச அக்ரிலிக் ஷீட் செட் ஒன்னு போன வருஷம் வாங்கினோம், ஒரு செமஸ்டர் முழுசா ஓட்டியாச்சு, வாங்கலாமான்னு யோசிக்கிற லேப்காரங்களுக்காக எழுதுறேன். குறையும் சொல்லப்போறதால கம்பெனி பேரு போடல.

முதல்ல ரிசல்ட். ஸ்லூஸ் கேட்டுக்குக் (அடியில இடைவெளி விட்டுத் தண்ணிய வேகமாப் பாய விடுற கதவு) கீழ தண்ணி 1.5 செ.மீ ஆழத்துல பாயுது, ஃப்ரூட் நம்பர் (ஆழத்தோட ஒப்பிட்டா தண்ணி எவ்ளோ வேகம்னு சொல்ற எண்) 5. இப்படி வேகமா வர்ற தண்ணி திடீர்னு நுரைச்சு எழும்பி ஆழமா, மெதுவா ஓடுற தண்ணியா மாறுறதுதான் ஹைட்ராலிக் ஜம்ப். வழவழ தரையில பெலாஞ்சர் ஃபார்முலாப்படி ஜம்புக்கு அப்புறம் ஆழம் 9.9 செ.மீ வரணும், எங்களுக்கு 9.7 வந்துச்சு, ஜம்ப் நீளம் 60 செ.மீ சுமார் (நுரை ஆடிக்கிட்டே இருக்கும், கண்ணால பாத்து எடுக்குற அளவுதான்). ஷீட்டைப் போட்டு அதே தண்ணிய விட்டா ஆழம் 8, நீளம் 34! ஃப்ளூமோட கடைசியில தண்ணி மட்டத்தைத் தாங்குற டெயில் கேட்டைப் பழைய உயரத்துலயே விட்டிருந்தோம், அவ்ளோ ஆழம் இப்ப தேவையில்லாததால ஜம்ப் தண்ணி வர்ற பக்கமா ஏறிப் போயி ஸ்லூஸ் கேட்டையே மூழ்கடிச்சிருச்சு, டெயில் கேட்டை இறக்க இறக்கத்தான் வெளிய வந்து நின்னுச்சு. ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணி வந்த பசங்க அப்பதான் கண்ணாடிகிட்ட வந்து குனிஞ்சு பாத்தாங்க.

காரணத்தையும் இதுலயே காட்டலாம். பெர்மாங்கனேட் கரைசல சிரிஞ்சுல எடுத்து ஒரு அலையோட பள்ளத்துக்குள்ள மெதுவா விட்டோம், ஊதா நிறம் அங்கயே ரெண்டு மூணு சுத்து சுத்தி அப்புறம் இழை இழையா மேல ஓடுற தண்ணியோட பிச்சுக்கிட்டுப் போச்சு. ஒவ்வொரு பள்ளத்துலயும் இப்படி ஒரு சுழல் உக்காந்து தண்ணியோட வேகத்தைத் தின்னுது, பெலாஞ்சர் கணக்குல தரை உராய்வே கிடையாது, அதான் வித்தியாசம். கரடுமுரடான தரையில ஜம்ப் எப்படி நடக்குதுன்னு ராஜரத்தினம்ங்குற ஹைட்ராலிக்ஸ் ஆராய்ச்சியாளர் 1968லயே எழுதிட்டாரு, அப்புறம் 2002ல அவரும் ஈட் (Ead)ங்குற இன்னொரு ஆராய்ச்சியாளரும் கனடா ஆல்பர்ட்டா யுனிவர்சிட்டியில ஃப்ரூட் நம்பர் 4 லேருந்து 10 வரைக்கும் அலைத்தரை போட்டுப் பாத்தப்போ, ஜம்ப் நீளம் கிட்டத்தட்ட பாதியாச்சு, தரை மேல விழுற உராய்வு விசை பத்து மடங்கு. எங்க நம்பரும் அந்தப் பக்கமே நிக்குறதுல எனக்கு அவ்ளோ சந்தோஷம். இந்த ஜம்ப் உள்ளயே நடக்கணும்னு அணைக்குக் கீழ கட்டுற தொட்டியோட நீளத்துல இவ்ளோ மிச்சம்னா எவ்ளோ கான்கிரீட் மிச்சம்னு பாருங்க.

இப்ப குறை. அலையோட முகடு, கேட் பக்கத் தரையோட ஒரே மட்டத்துல இருக்கணும், இதுதான் இந்த ஷீட்டோட உயிரே, முகடு துருத்திக்கிட்டு நின்னா வேகமா வர்ற தண்ணி நேரா அதுல மோதும், நெசமான அணையில அப்படி மோதுற இடத்துலதான் கேவிட்டேஷன் (அழுத்தம் குறைஞ்சு தண்ணியில குமிழி உண்டாகி உடையுறது) வந்து கான்கிரீட்டையே அரிக்கும். இவங்க அனுப்பினதுல அலை உயரம் 13 மி.மீ, கேட் பக்கம் போடக் குடுத்த ப்ளேட் 10 மி.மீ தான். பாயுற தண்ணியே 15 மி.மீ, அதுல 3 மி.மீ படி நின்னா என்ன ஆகும், மொத நாள் தண்ணி எகிறி கண்ணாடிக்கு மேல தெறிச்சு எல்லாரும் நனைஞ்சுட்டோம், அன்னைக்கு எடுத்த ரீடிங் மொத்தமும் வேஸ்ட். ஃபோன் பண்ணிக் கேட்டா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்னு சொல்லிட்டாங்க, எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அப்புறம் நாங்களே 3 மி.மீ அக்ரிலிக் வெட்டி ப்ளேட்டுக்கு அடியில வச்சு ஓரத்துல சிலிகான் அடிச்சோம், மேல சொன்ன ரீடிங் எல்லாம் அதுக்கப்புறம் எடுத்ததுதான்.

ஸ்க்ரூவும் பத்தல, கடைசி ஷீட்டோட நுனி தூக்குது, நாலு சேத்துப் போட்டோம். ஆழம் அளக்குற ஊசியான பாயிண்ட் கேஜுக்கு ஜீரோ எங்கன்னு மேனுவல்ல ஒரு வரி இல்ல, முகட்டுலதான் வைக்கணும், பள்ளத்துல வச்சுட்டா ஆழம் எல்லாமே 13 மி.மீ கூடக் காட்டும்.

5க்கு 3.5 குடுப்பேன். ஆர்டர் போடும்போது ப்ளேட் தடிமனும் அலை உயரமும் ஒன்னா இருக்கணும்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க, முடிஞ்சா ரெண்டு அலை உயரத்துல செட் கேளுங்க, நான் அடுத்து அதுக்குத்தான் கொட்டேஷன் கேட்டிருக்கேன்.