மச்சுப் பலகைக்கு எது தகும்: இழைப்பா, அரக்கா, எண்ணெயா?

கிரானைட்டுக்குப் பேர்போன கிருஷ்ணகிரியில் மரத்தரையைப் புதுப்பிக்கிறேன் என்றால் சிரிப்பார்கள். ஆனால் பழையபேட்டையில் உள்ள எங்கள் வீட்டு மாடி முழுவதும் தேக்குப் பலகை பாவிய மச்சுதான். ஆள் நடமாடும் பகுதியில் மெருகு போய்ப் பலகை சாம்பல் பூத்துவிட்டதால், மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க நேர்ந்தது.

முதலில் பலகையில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுவரோரத்தில் துளி முத்தாக நின்றது; நடைபாதையிலோ மரம் அதை உறிஞ்சிக் கறுத்தது. ஓரத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் தேய்த்தபோது பூச்சு பிசுபிசுத்துப் பழுப்பாகப் பஞ்சில் ஏறியதால், பழைய மெருகு அரக்கு பாலிஷ் என்பது உறுதியாயிற்று.

ஆசாரி பரிந்துரைத்தது, சாண்டிங் மிஷினால் 60 ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 80, 120 என்று தேய்த்து, அதன்மேல் பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் வார்னிஷ் பூசுவது. கறையும் கீறலும் மறைந்து தேக்கின் பொன்னிறம் மீளும். ஈரத்துக்கும் தேய்மானத்துக்கும் இந்தப் பூச்சே நன்கு ஈடுகொடுக்கும். ஆனால் தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு என்பதால், தின்னரால் துடைக்காமல் பூசினால் பூச்சு சரியாகப் பிடிக்காமல் உரியக்கூடும். பின்னாளில் ஓரிடத்தில் கீறல் விழுந்தால், அங்கு மட்டும் தடம் தெரியாமல் சரிசெய்வதும் கடினம். தேய்த்தெடுத்த மரமோ திரும்பி வராது. எங்கள் பலகைகளில் ஆணித்தலைகள் ஏற்கெனவே மேலே எட்டிப் பார்க்கின்றன. இன்னோர் இழைப்பை அவை தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மீண்டும் அரக்கே பூசுவது எளிது. புதுப்பூச்சில் உள்ள ஸ்பிரிட் பழையதைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஈரச் சொம்பை வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பதே அதன் குறை.

ஆளிவிதை எண்ணெய் மேலே படலமாக நிற்காமல் மரத்துக்குள் இறங்கி, நிறத்தை ஆழமாக்கும். தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி தடவிக்கொள்ளலாம். உலர நாள் பிடிக்கும், மிகுதியைத் துடைக்காவிட்டால் பிசுக்கேறித் தூசு ஒட்டும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால், உடனே தண்ணீரில் அமிழ்த்திவிட வேண்டும்.

பழைய அரக்கை, சன்னல்களைத் திறந்துவைத்து ஸ்பிரிட்டாலேயே கழுவியெடுத்துவிடலாம், மரம் குறையாது என்பதால், நான் எண்ணெயைத் தேர்ந்தெடுத்தேன். ஈரக்காலோடு ஏறிவரும் படிக்கட்டுத் தலைப்பில் இற்றுப்போன இரண்டு பலகைகளை மட்டும் மாற்றி, அவற்றுக்குப் பி.யு. பூசச் சொல்லியிருக்கிறேன்.