அமெரிக்க ப்ரீ-மெட் முதல் செமஸ்டர்: இந்தப் பாடக்கட்டு தேறுமா?

நம்மூரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நீட் தேறினால் நேரே எம்.பி.பி.எஸ். அமெரிக்காவில் முதலில் நான்கு வருட இளங்கலை. ப்ரீ-மெட் என்பது அங்கே தனிப் பட்டமல்ல. மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களின் தொகுப்பு. அதன் முதல் செமஸ்டரைப் பெரும்பாலும் இப்படித்தான் கட்டித் தருகிறார்கள்: பொது வேதியியல், உயிரியல், இரண்டுக்கும் லேப், கால்குலஸ், கூடவே எழுத்துப் பயிற்சிக்கு ஒரு வகுப்பு. மொத்தம் 15, 16 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு). தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல பாடங்கள். ஆனால் வேதியியல், உயிரியல், கால்குலஸ் மூன்றையும் முதல் செமஸ்டரிலேயே எடுக்கும்படி நாங்கள் சொல்லமாட்டோம்.

ஒரு கிரெடிட்டுக்கு வாரம் 1 மணி நேரம் வகுப்பு, 2 மணி நேரம் வெளியே படிப்பு என்பது அந்நாட்டு அரசு வகுத்த அளவு. 15 கிரெடிட் என்றால் வாரம் 45 மணி நேரம். இந்தக் கணக்கு உதைப்பது லேபில். கிரெடிட் 1தான், உள்ளே நிற்பது 3 மணி நேரம், அதற்கு முன் தயாரிப்பு, பிறகு அறிக்கை எழுத இன்னொரு 3, 4 மணி நேரம். இரண்டு லேப் என்றால் வாரத்தில் ஒரு முழு நாளுக்கு மேல் போய்விடும்.

அறிக்கையில் மதிப்பெண் குறைவது பெரும்பாலும் சோதனை பிசகியதால் அல்ல. முக்கிய இலக்கங்கள் (அளவீட்டில் நம்பத்தக்க இலக்கங்கள்), அலகுகள், பிழை விளக்கம் ஆகிய மூன்றில்தான். 'மனிதத் தவறு' என்று மொட்டையாக எழுதினால் மதிப்பெண் வராது. 'முடிவுப்புள்ளியைத் தாண்டிக் காரம் விழுந்ததால் கனஅளவு கூடியது. அதனால் அமிலச் செறிவு உண்மையைவிட அதிகமாக வந்தது' என்று, பிழை எந்தப் பக்கம் இழுத்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

வேதியியலில் பல கல்லூரிகளில் மிட்டர்ம்களும் (செமஸ்டரின் இடையில் வரும் தேர்வுகள்) ஃபைனலும் சேர்ந்து மதிப்பெண்ணில் முக்கால் பங்கு. ஆன்லைன் வீட்டுப்பாடத்துக்குச் சுமார் 10 சதவீதம். வீட்டுப்பாடத்தில் 95 வாங்கியவர் தேர்வில் 55 வாங்குவது சகஜம். அங்கே மறுமுயற்சி உண்டு, குறிப்பு உண்டு. தேர்வில் இரண்டும் கிடையாது, நேரமும் குறைவு. புத்தகத்தை மூடி, கடிகாரம் வைத்துப் பழைய வினாத்தாள் போடுவதுதான் வேலைக்காகும். அங்கி (Anki) என்ற மனப்பாடச் செயலியின் ஃபிளாஷ்கார்டு உயிரியலுக்கு நன்றாக உதவும்; வினைபடுபொருளில் எது முதலில் தீரும் என்ற கணக்குக்கு உதவாது. பாடப்புத்தகத்துக்கு ஓபன்ஸ்டாக்ஸின் இலவச வேதியியல் நூலே போதும்.

வகுப்பின் நிலையைப் பார்த்து கிரேடு போடும் 'கர்வ்' என்ற சொல்லை நம்பி இருந்துவிடாதீர்கள். பாடத்திட்டத் தாளில் வகுப்புச் சராசரி எந்த கிரேடில் நிற்கும் என்று பாருங்கள். சராசரி 58, அது பி மைனஸ் என்றால் 70 நல்ல மதிப்பெண். '90க்கு மேல் ஏ' என்று நிலையாகப் போட்டிருந்தால் அதே 70 ஆபத்து. முதல் செமஸ்டரில் ஏ, பி என்ற எழுத்து கிரேடே பதிவாகாத எம்.ஐ.டி. போன்ற இடங்கள் குறைவு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அப்படியொரு சலுகையை 2017இல் சேர்ந்தவர்களிலிருந்து நிறுத்திவிட்டது.

இதெல்லாம் ஏன் முக்கியம்? மருத்துவக் கல்லூரி விண்ணப்பச் சேவையான ஆம்காஸ், உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்து ஒரு தனி ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) போடுகிறது. முதல் செமஸ்டரில் தலா 4 கிரெடிட்டில் சி பிளஸ் (2.3), பி பிளஸ் (3.3), பி (3.0) வந்தால் சராசரி 2.87. அறிவியல் கிரெடிட் 40 ஆகும்போது அதை 3.5க்குக் கொண்டுவர, மீதி 28 கிரெடிட்டிலும் 3.77 எடுக்க வேண்டும். பாடத்தைத் திரும்ப எடுத்தாலும் பழைய கிரேடு அழியாது. ஆம்காஸ் இரண்டையும் கணக்கில் சேர்க்கும். 4 கிரெடிட்டில் சி வாங்கி, மறுபடி ஏ எடுத்தால் 8 கிரெடிட்டுக்கு 3.0 ஆகிறது.

ஆகவே முதல் செமஸ்டரில் வேதியியலும் லேபும், கால்குலஸ், எழுத்து வகுப்பு, விருப்பப் பாடம் ஒன்று. உயிரியலை அடுத்த செமஸ்டருக்கோ இரண்டாம் வருடத்துக்கோ தள்ளலாம். முழுநேர மாணவராக நிற்க 12 கிரெடிட் குறையாமல் இருக்கட்டும். உதவித்தொகை வாங்குபவர்கள் அதற்கான அளவைத் தனியே கேட்டுக்கொள்ளவும். இரண்டாம் மிட்டர்ம் கைக்கு வந்ததும் பாடத்திலிருந்து விலகுவதற்கான கெடுவைப் பாருங்கள். விலகியதைக் குறிக்கும் டபிள்யூ பதிவில் தெரியும், ஜிபிஏவில் சேராது. சி மைனஸோ இரண்டிலும் நிற்கும், பல மருத்துவக் கல்லூரிகள் அதை முன்தேவைப் பாடமாக ஏற்பதும் இல்லை.