நிலவா, செவ்வாயா, சுழலும் ஊரா: ஈர்ப்பை வைத்து ஓர் ஒப்பீடு

பூமிக்கு வெளியே குடியேறுவது பற்றிப் பேச ஆரம்பித்தாலே காற்று, தண்ணீர், கதிர்வீச்சு என்றுதான் போகிறது. மூன்றுமே பெரிய சிக்கல்கள்தான், ஆனால் இயந்திரமும் பணமும் இருந்தால் சமாளிக்கலாம். ஒரு கோளின் ஈர்ப்பை மட்டும் எந்த இயந்திரத்தாலும் கூட்ட முடியாது. குடியேற்றம் என்றால் அங்கே குழந்தை பிறந்து, எலும்பு உறுதியாகி, ஆளாக வேண்டும். ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்புவது வேலைப் பயணம். அதனால் என் முதல் கேள்வி ஈர்ப்புதான்.

நிலவில் அது பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு, மிகக் குறைவு. ஆனால் பக்கத்தில் இருக்கிறது: சுமார் 3,84,400 கி.மீ., மூன்று நாள் பயணம், பேசினால் ஒன்றேகால் நொடியில் குரல் போய்ச் சேரும், யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் பூமிக்குக் கொண்டுவந்துவிடலாம். தண்ணீரும் உண்டு. 2009-இல் நாசா தென்துருவத்தின் கேபியஸ் பள்ளத்தில் ஒரு ராக்கெட் பகுதியை மோதவிட்டபோது, கிளம்பிய புழுதியோடு நீரும் வந்தது. தொல்லை அந்தப் புழுதிதான். சந்திரயான் சோதனைக்காக நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்து நிலவு மண் மாதிரி தயாரித்தார்கள் இல்லையா, அசல் மண் அதைவிடக் கொடியது. காற்றும் நீரும் உருட்டித் தேய்க்காததால் ஒவ்வொரு துகளும் கண்ணாடிச் சில்லு மாதிரி கூராகவே கிடக்கிறது. அப்பல்லோ 17-இல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அது மூக்கில் ஏறி ஒவ்வாமையே வந்தது. அப்புறம் இரவு. பெரும்பாலான இடங்களில் அது நம் கணக்கில் 14 நாள் நீளும்.

செவ்வாயில் ஈர்ப்பு 38 சதவீதம், ஒரு நாள் 24 மணி 39 நிமிடம். கேட்க நன்றாக இருக்கிறது. காற்று மிக மெல்லியது, அதிலும் 95 சதவீதம் கரியமில வாயு. அதிலிருந்து ஆக்சிஜன் பிரிக்க முடியும் என்று பெர்சவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்சி கருவி காட்டிவிட்டது. 2021 முதல் 2023 வரை 16 முறை ஓட்டி மொத்தம் 122 கிராம். ஒரு ஆளுக்கு மூன்றரை மணி நேரம் காணும். கருவியைப் பெரிதாக்கினால் இது தீரும். தூரம் தீராது. புறப்பட வசதியான காலம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், போய்ச் சேர ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். முக்கியமான பம்ப் ஒன்று பழுதாகி, மாற்று அங்கே இல்லையென்றால் கதை முடிந்தது.

வெள்ளியின் மேகங்களைச் சொல்பவர்களும் உண்டு. 50, 55 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு 90 சதவீதம், அழுத்தமும் தாங்கக்கூடியது. 1985-இல் சோவியத்தின் வேகா பலூன்கள் அங்கே இரண்டு நாள் மிதந்தன. ஆனால் காலூன்றத் தரை இல்லை, தோண்டி எடுக்க எதுவும் இல்லை, சுற்றிலும் கந்தக அமில மேகம். வேண்டாம்.

எனக்கு நம்பிக்கை தருவது அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ'நீல் 1974-இல் முன்வைத்த வழி: கோளையே விட்டுவிட்டு, விண்வெளியில் சுழலும் ஊர் கட்டுவது. மறு ஆண்டு நாசா நடத்திய கோடைகால ஆய்வில் 10,000 பேருக்கான வளையம் ஒன்றை வரைந்தார்கள். குறுக்களவு சுமார் 1.8 கி.மீ., நிமிடத்துக்கு ஒரு சுற்று. சுழற்சி ஆளை வெளிப்புறச் சுவரோடு அழுத்துவதால், உள்ளே நிற்பவருக்குப் பூமியில் இருக்கும் அதே எடை. விலை பயங்கரம். கதிர்வீச்சைத் தடுக்க மட்டும் சுமார் ஒரு கோடி டன் நிலவுப் பொருள் வேண்டும். இன்றைய சர்வதேச விண்வெளி நிலையமே 420 டன்தான். எங்கே கட்டினாலும் மூடிய காற்றுச் சிக்கலும் கூடவே வரும்: அமெரிக்காவின் அரிசோனாவில் 1991-இல் பயோஸ்பியர் 2 என்ற மூடிய கண்ணாடிக் கூடத்துக்குள் எட்டுப் பேர் போனார்கள், ஆக்சிஜன் 14 சதவீதத்துக்குச் சரிந்து வெளியிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று.

சரி, என் வரிசை இது: முதலில் நிலவு, சுரங்கமாகவும் பட்டறையாகவும். குடும்பத்தோடு வாழ, அந்தப் பொருளை வைத்துக் கட்டும் சுழலும் ஊர். செவ்வாய்க்கு ஆய்வாளர்கள் போகட்டும். நகரம் என்ற பேச்சு இப்போது வேண்டாம், ஏனென்றால் எடையே தெரியாத விண்வெளி நிலையத்தை விட்டால், குறைந்த ஈர்ப்பில் மனித உடல் பற்றி நமக்கு இருக்கும் அனுபவம், நிலவில் நடந்த 12 பேர் அதிகபட்சம் மூன்று நாள் தங்கியது மட்டுமே. அதை வைத்துக் குழந்தைகளை அனுப்புவது தப்பு. விண்வெளி நிலையத்தின் ஜப்பானியப் பகுதியில் எலிகளைச் சுழல் கருவியில் வைத்து வளர்த்திருக்கிறார்கள். அதையே பெரிதாக்கிச் செவ்வாய் ஈர்ப்பில் சுழலவிட்டு, அங்கேயே பிறக்கும் எலிகள் குட்டி போடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். எலிக்குக் கர்ப்பம் மூன்று வாரம்தான். இரண்டே ஆண்டில் பல தலைமுறை பார்த்துவிடலாம், அதுவும் பூமிக்கு மேலே 400 கி.மீ. உயரத்திலேயே.