பேர் பெற்ற பழைய கடையா, காத்திருக்க வைக்கும் சின்னக் கடையா: அல்ஃபாம் எங்கே சாப்பிடலாம்?

நாகர்கோவிலில் நல்ல அல்ஃபாம் (மசாலாவில் ஊற வைத்துக் கனலில் சுடும் அரபு முறைக் கோழி) எங்கே கிடைக்கும் என்று யார் கேட்டாலும், நான் பல வருஷமாக ஒரே கடையைத்தான் சொல்லி வந்தேன். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் மட்டுமே அல்ஃபாம், குப்பூஸ் ரொட்டி என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் தொடங்கிய கடை அது. போன மாதம் குடும்பத்தோடு அங்கே சாப்பிட்டு வந்த பிறகு மனசு விட்டுப்போயிற்று. இப்போது நாங்கள் போவது தக்கலைப் பக்கம் இருக்கும் ஒரு சின்னக் கடைக்கு.

முதலில் வசதியைப் பேசி முடித்துவிடலாம். பழைய கடையில் ஏசி அறை உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு, பெரியவர்களைக் கூட்டிப் போனால் கை கழுவ, உட்கார எல்லாம் சௌகரியம். சின்னக் கடையில் தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, மழை பெய்தால் சாரல். விலையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. நாகர்கோவிலிலிருந்து தக்கலை 15 கிலோமீட்டருக்கு மேல். சாயங்கால நெரிசலில் பார்வதிபுரம் தாண்டுவதற்கே பொறுமை வேண்டும். இதை மட்டும் பார்த்தால் பழைய கடைதான் ஜெயிக்கும்.

ஆனால் சுட்ட கோழியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே விஷயம்: அது கனலை விட்டு இறங்கி எத்தனை நேரத்தில் தட்டுக்கு வருகிறது?

பழைய கடையில் அன்றைக்கு ஆர்டர் சொல்லி பத்து நிமிஷத்துக்குள் முழுக் கோழி வந்துவிட்டது. பசியோடு இருந்த பிள்ளைகளுக்குச் சந்தோஷம். எனக்கு அப்போதே சந்தேகம். முதுகைப் பிளந்து விரித்த ஒரு கோழி பச்சையிலிருந்து வெந்து வர அரை மணி நேரமாவது வேண்டும். பிட்டுப் பார்த்தால், மேலே இருந்த கருக்கல் ஈரத்தில் ஊறித் தோல் தொளதொளவென்று தனியாகக் கழன்று வந்தது. நெஞ்சுக்கறி நார் நாராகக் காய்ந்து, தண்ணீர் குடிக்காமல் இறங்கவில்லை. தொடையில் மேல்பக்கம் கொதிக்கிறது, எலும்பை ஒட்டி வெறும் வெதுவெதுப்பு. பரிமாறியவரிடம் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார். "சூடு பண்ணித் தரட்டா சார்?" என்று கேட்டார். சிக்கலே அந்தச் சூடு பண்ணுவதில்தான் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

மத்தியானமே மொத்தமாகச் சுட்டு வைத்து, ஆள் வர வர மறுபடி கனலில் காட்டிக் கொடுத்தால் இதுதான் நடக்கும். நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. ஒருமுறை வெந்து நீர் இழந்ததை இரண்டாவது முறை சுட்டால் மிச்ச ஈரமும் போய்விடும். அதோடு, வெந்த கோழியை எடுத்து வைத்தால் அதிலுள்ள கொழுப்பு காற்று பட்டு மாறத் தொடங்கும். திரும்பச் சூடாக்கும்போது வரும் அந்தப் பழைய வாடை அதனால்தான். எவ்வளவு நல்ல மசாலாவாக இருந்தாலும் அதை மறைக்காது. எலும்பருகே சூடேறாமல் கிடப்பது ருசிக்கேடு மட்டும் இல்லை. எடுத்து வைத்த உணவைத் திரும்பச் சூடாக்கினால் உள்ளே வரைக்கும் நன்றாகச் சூடேற வேண்டும், இல்லையென்றால் வயிற்றுக்கு ஆகாது. பிள்ளைகள் சாப்பிடுகிற சாப்பாடு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சின்னக் கடையில் வேறு கதை. "இப்ப போட்டா முக்கா மணிக்கூர் ஆவும் அண்ணே, பரவால்லியா?" என்று முதலிலேயே கேட்டுவிடுகிறார்கள். மசாலாவில் ஊறின கோழியைக் கம்பி வலையில் இறுக்கிப் பூட்டுவது நம் கண் முன்னால்தான் நடக்கும். எரிப்பது சிரட்டைக்கரி. சீமைக்கருவேலங்கரியை விட இது எனக்குப் பிடித்தம். சாம்பல் குறைவு, சூடு சீராக நிற்கும். தேங்காய் விலை ஏறிய 2025-ல் சிரட்டை விலையும் ஏறியது, அப்படியும் அவர்கள் கரியை மாற்றவில்லை.

அடுப்படியில் நிற்கும் அந்தத் தம்பியின் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கரி மேல் வெள்ளைச் சாம்பல் படர்கிற வரைக்கும் கோழியை ஏற்றுவதில்லை. கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால், வலையைச் சட்டென்று தூக்கிக் கனல் குறைந்த ஓரத்துக்குத் தள்ளுகிறார். தீ நாக்கு நேராகப் பட்டால் புகைக்கரி ஒட்டிக் கசக்கும். சொட்டுகிற கொழுப்பிலிருந்து எழும் புகை மட்டும் பட்டால், நாம் தேடிப் போகிற அந்த மணம் வரும். தொடைப் பக்கத்தைக் கனல் கூடிய இடத்திலும் நெஞ்சுப் பக்கத்தை ஓரத்திலும் வைத்து, அடிக்கடி திருப்பிப் போடுகிறார். இறக்கிய பிறகும் ஐந்து நிமிஷம் விட்டுத்தான் வெட்டுகிறார். தட்டில் வரும்போது தோல் மொறுமொறுவென்று இருக்கும், நெஞ்சைப் பிட்டால் சாறு கையில் வழியும். அரைத்த மிளகும் மல்லியும்தான் முன்னால் நிற்கின்றன, கண்ணைப் பறிக்கும் சிவப்புக் கலர் கிடையாது.

மயோனைஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. சின்னக் கடையில் முட்டை சேர்க்காமல் அரைத்த பூண்டுச் சட்னிதான் தருகிறார்கள், அது நன்றாகவே இருக்கிறது. பழைய கடையிலும் முட்டையில்லாத மயோனைஸ் என்றே சொன்னார்கள். இதில் இரண்டுக்கும் நான் மார்க் குறைக்க மாட்டேன்.

பழைய கடைக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. அங்கே பரோட்டாவும் பொரிச்ச கோழியும் இன்றைக்கும் தரம் குறையவில்லை. சூடாகப் போட்டுத் தருகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை திறந்த கையோடு போனால் அல்ஃபாமும் முதல் கனலில் வரும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். நான் போனது ஞாயிறு ராத்திரி, கூட்டம் அலைமோதிய நேரம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கடையில் மந்தி (கறியோடு வரும் அரபுச் சோறு) நான் அதிகம் சாப்பிட்டதில்லை. கனலில் சுட்ட மீன் பரவாயில்லை ரகம், குளச்சல், முட்டம் பக்கத்து மீன் சாப்பிட்டுப் பழகியவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. அதனால் என் ஓட்டு கோழிக்கு மட்டும்.

பார்சல்தான் வேண்டும் என்றால் இந்தக் கணக்கு மாறிவிடும். அலுமினியத் தாளில் சுற்றி நாகர்கோவில் வந்து சேருவதற்குள் சின்னக் கடைக் கோழியின் தோலும் ஆவியில் ஊறிவிடுகிறது. அதற்காக 15 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை, பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், வில்லுக்குறி தாண்டும்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். போய்ச் சேரும்போது கோழி பாதி வெந்திருக்கும்.