வெற்றுக் குண்டு என்று விற்றார்கள். உள்ளே வெடிமருந்து இருந்தது

பழைய பொருள்களைச் சேகரிப்பவர்கள், குறிப்பாக எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் நினைவுப் பொருள் தேடுபவர்கள், இதைப் படித்த பிறகு பணம் கொடுங்கள்.

ராயபுரத்தில் பழைய பித்தளைச் சாமான் விற்கும் ஒருவரிடம் சென்ற மாதம் 14,000 ரூபாய்க்கு ஒரு பீரங்கிக் குண்டு வாங்கினேன். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னையைத் தாக்கியபோது துறைமுகத்தருகே விழுந்தது என்றும், "உள்ளே ஒன்றுமில்லை சார், ஓட்டை போட்டுக் காலி செய்தது" என்றும் சொன்னார். அடிப்பக்கத்தில் துளை இருந்ததால் நம்பினேன். முனையிலிருந்த பித்தளை ஃபியூஸை, அதாவது குண்டை வெடிக்கத் தூண்டும் பாகத்தை, புளி போட்டுத் தேய்த்து, பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுக் கூடத்தில் பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தேன். நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

படைத்தளவாடத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் சித்தப்பா வந்தவர், கூடத்து வாசலிலேயே நின்று, "யாரும் தொடாதீங்க, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வெளியே வா" என்றார். 100க்கு அழைத்தோம். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் எடுத்துச் சென்றார்கள். அடியறையில் கருமருந்து என்னும் வெடிமருந்து அப்படியே இருந்ததாகப் பின்னர் தெரிவித்தார்கள். ஈரம் படாத கருமருந்து நூறாண்டு கழிந்தாலும் வீரியம் இழப்பதில்லை. அந்தத் துளையோ விரற்கடை ஆழம்கூட இல்லாமல், மருந்தறையைத் தொடாமலேயே நின்றிருக்கிறது.

எம்டன் கதையும் பொய். அக்கப்பலின் பீரங்கிகள் 105 மில்லிமீட்டர் விட்டமுடையவை. இது ஏறக்குறைய 84, அதாவது பிரிட்டிஷாரின் 18 பவுண்டு பீரங்கிக்குரிய அளவு. உடலில் பிரிட்டிஷ் அரசுடைமையைக் குறிக்கும் அம்புக்குறி பொறிக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும்விட, குண்டைச் சுற்றியிருந்த செப்புப் பட்டை வழவழப்பாக இருந்தது. சுடப்பட்ட குண்டென்றால் பீரங்கிக் குழாயின் உட்பள்ளங்கள் அப்பட்டையில் சாய்வான வரிகளாகப் பதிந்திருக்க வேண்டும். அப்படி வரி விழுந்த குண்டு இன்னும் ஆபத்தானது என்கிறார் சித்தப்பா. சுடும் விசையிலேயே ஃபியூஸ் வெடிக்க ஆயத்தமாகியிருக்கும், வெடிக்காமல் நின்றது தற்செயலாக இருக்கலாம்.

ஆகவே நிறம், துளை, விற்பவரின் வாக்கு ஆகிய எதையும் வைத்து வெற்றுக் குண்டு என்று முடிவு செய்யாதீர்கள். ஃபியூஸ் கழற்றப்பட்டு உள்ளறை வெறுமையாகக் கண்ணுக்குத் தெரியாதவரை அது மருந்துள்ள குண்டுதான். நீங்களே திருகியோ துளைத்தோ தேய்த்தோ பார்க்கவும் வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல்துறையை அழையுங்கள்.

பணத்தைத் திருப்பித் தர விற்றவர் மறுத்துவிட்டார். நான் வாங்கிய அன்று அதே மேசையில் இதேபோல் இன்னும் இரண்டு இருந்தன. இப்போது அவை அங்கே இல்லை. வாங்கியவர் யாரேனும் இதைப் படித்தால், இன்றே அழையுங்கள்.